27 மணி நேர ஓய்வும் வராத தூக்கமும்

கேள்வி: நான் ஒரு பயணிகள் விமான நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகத் துணை விமானியாகப் பணிபுரிகிறேன். வயது 31. சென்ற வாரம் சனிக்கிழமை காலை 5.20 மணிக்கு, இரவுப் பணியின் இரண்டாவது பயணத்தில் விமானம் தரையிறங்குவதற்காகக் கீழே வந்துகொண்டிருந்தபோது, கேப்டன் செக்லிஸ்ட் (சரிபார்ப்புப் பட்டியல்) கேட்டது என் காதில் விழவில்லை. அவர் இரண்டாம் முறை உரக்க அழைத்த பிறகுதான், சில வினாடிகள் நான் தூங்கிவிட்டேன் என்பது தெரிந்தது. தரையிறக்கம் நல்லபடியாக முடிந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அதிகாலைப் பணி: 5.10, 4.40, 4.15 மணிக்கு ரிப்போர்ட்டிங், அதாவது பணிக்கு வந்து சேரவேண்டிய நேரம். வியாழன் காலை 6 மணி முதல் மாலை 6 வரை வீட்டில் ஸ்டாண்ட்பை, அழைத்தால் பணிக்குப் போகத் தயாராக இருக்கவேண்டும். வெள்ளி இரவு 9.45 மணிக்கு ரிப்போர்ட்டிங். மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை இருட்டறையில் படுத்தும் தூக்கம் வரவில்லை. காபி ஐந்து கோப்பை குடித்தேன். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. நான் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார். ரோஸ்டர் (பணி அட்டவணை) முழுக்க விதிக்கு உட்பட்டதுதான், மற்றவர்களும் இதே ரோஸ்டரில்தான் பறக்கிறார்கள். அப்படியானால் குறை என்னிடமா? இதை எழுத்தில் தெரிவித்தால் என் வேலைக்கு ஆபத்து வருமா? கேப்டனிடம் பேசவேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டவை நீங்கள் குறித்திருக்கும் நேரங்கள். விமானப் பணியாளர்களின் உடற்தகுதியைச் சோதிக்கும் மருத்துவராக நான் சந்திப்பவர்களில் பெரும்பாலோர் 'கொஞ்சம் களைப்பாக இருக்கிறது, டாக்டர்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதை வைத்துக்கொண்டு நான் எதையும் சொல்ல முடிவதில்லை. நீங்கள் எத்தனை மணிக்குப் பணிக்குப் போனீர்கள், எப்போது படுத்தீர்கள் என்று எழுதியிருப்பதால், குறை யாரிடம் என்ற உங்கள் கேள்வியை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

அந்த வாரத்தின் ஒவ்வோர் இரவையும் எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த தகவலில் நீங்கள் அனுப்பிய விவரப்படி, ஞாயிறு இரவு நாலரை மணி நேரம், திங்கள் இரவு நான்கு, செவ்வாய் இரவு மூன்றரை, புதன் இரவு குழந்தை அழுத நேரம் போக ஐந்து, வியாழன் இரவு அதே போல ஆறு. ஐந்து இரவுகளுக்குமாகச் சேர்த்து 23 மணி நேரம். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் 35 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். வெள்ளி காலை 7 மணிக்கு எழுந்தபோதே நீங்கள் 12 மணி நேரக் கடனோடுதான் எழுந்தீர்கள். அதன்பின் சனி காலை 5.20 வரை கண்ணயரவே இல்லை, அதாவது 22 மணி 20 நிமிட விழிப்பு. ஒருவர் 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் அவருடைய கவனமும் கை ஒழுங்கும், இரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்றும், 24 மணி நேரத்தை நெருங்கும்போது அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகும் என்றும் 1990-களின் இறுதியிலேயே ஆய்வில் அளந்து காட்டியிருக்கிறார்கள். மதுவின் வாடையோடு எந்த விமானியையும் விமானத்தின் அருகில்கூட விடமாட்டார்கள். இந்த மயக்கத்துக்கு வாடை கிடையாது என்பதால் அது வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

ரோஸ்டர் விதிப்படி சரிதான் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வியாழன் மாலை 6 மணிக்கு ஸ்டாண்ட்பை முடிந்து, வெள்ளி இரவு 9.45-க்குப் பணி தொடங்கியிருக்கிறது. காகிதத்தில் 27 மணி 45 நிமிட ஓய்வு. எந்த நாட்டு விதியோடு ஒப்பிட்டாலும் அது தாராளம்தான். இரண்டு பணிகளுக்கு நடுவே 10 மணி நேர ஓய்வு வேண்டும், அதில் 8 மணி நேரம் இடையூறின்றித் தூங்குவதற்கான வாய்ப்பு இருக்கவேண்டும் என்பதுதான் அமெரிக்காவில் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதியே கேட்கிறது. உங்களுக்குக் கிடைத்தது அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் அந்த 27 மணி நேரத்துக்குள் இரவு என்பது ஒன்றுதான் வந்தது. அதுவும் ஓய்வின் முன்பாதியிலேயே வந்து போய்விட்டது. வியாழன் இரவு தூங்கி, வெள்ளிக் காலையில் எழுந்து, பகல் முழுவதும் விழித்திருந்து, உடல் அடுத்த தூக்கத்தைக் கேட்கத் தொடங்கும் நேரத்தில்தான் உங்களுக்குப் பணி தொடங்கியது. ஓய்வின் நீளத்தை மட்டும் அளந்தால் இது தெரியாது. அது நாளின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

மாலை 6 மணிக்குப் படுத்தும் தூக்கம் வராததைப் பற்றி நீங்கள் குற்ற உணர்வோடு எழுதியிருப்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அது உங்கள் மனக்கட்டுப்பாட்டின் குறை அல்ல. வழக்கமாக இரவு 11 மணிக்குத் தூங்குபவருக்கு, அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடல் கடிகாரம் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கும் நேரம். நாள் முழுதும் சேர்ந்த களைப்பை எதிர்த்து நின்று, இரவு வரை நம்மை இழுத்துக்கொண்டு போவது அதுதான். அதன் பிடி மாலையிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் எவ்வளவு களைத்திருந்தாலும், எவ்வளவு இருட்டாக்கினாலும், பெரும்பாலோருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. மறுநாள் அதிகாலைப் பணிக்காக எட்டு மணிக்கே படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவமும் உங்களுக்கு இருக்கும், காரணம் ஒன்றுதான். எழும் நேரத்தை அலாரம் வைத்து முன்னால் தள்ளிவிடலாம், தூங்கும் நேரத்தை அப்படித் தள்ள முடியாது. ரிப்போர்ட்டிங் நேரம் நாளுக்கு நாள் முன்னே முன்னே வந்த உங்கள் மூன்று அதிகாலைகளில், தூக்கத்தின் ஒரு முனை அசையாமல் நிற்க, மறுமுனை மட்டும் தினமும் வெட்டப்பட்டிருக்கிறது. நாலரை, நான்கு, மூன்றரை என்று அது தேய்ந்த விதத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மற்றவர்கள் சமாளிக்கிறார்களே என்ற உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். சமாளிப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்று சொல்வதே சரியாக இருக்கும். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களை 14 நாட்கள் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். இரண்டு வார முடிவில் அவர்களுடைய கவனத் திறன், ஓரிரு இரவுகள் முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. வியப்பு அதில் இல்லை. தங்களுக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களே போட்டுக்கொண்ட மதிப்பெண், முதல் சில நாட்களில் ஏறியதோடு நின்றுவிட்டது. திறன் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தபோதும், 'பழகிவிட்டது' என்றே அவர்கள் கருதினார்கள். களைப்பை எடைபோட வேண்டிய மூளைதான் களைத்திருக்கிறது. அது காட்டும் எடையை எப்படி நம்புவது? நான் இளம் மருத்துவராக முப்பது மணி நேரப் பணி பார்த்த ஒரு நாளின் மறுநாள், நோயாளியின் குறிப்பேட்டில் இருந்த ஒரு பத்தியைக் காட்டி, 'இதை யார் எழுதியது?' என்று செவிலியரிடம் கேட்டேன். கையெழுத்து என்னுடையது. எழுதிய நேரத்தில் நான் தெளிவாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

களைத்த மூளை தன்னை எப்படி ஏமாற்றிக்கொள்ளும் என்பதற்கு விமானத் துறையில் நான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது 1993 ஆகஸ்ட் 18 அன்று கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவில் நடந்த விபத்தை. ஒரு டிசி-8 சரக்கு விமானம் அங்கு இறங்கவேண்டும். அங்குள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தைக் கியூபாவிலிருந்து பிரிக்கும் வேலிக்கு மிக அருகில் கூர்மையாகத் திரும்பி அந்த ஓடுபாதையில் இறங்கவேண்டியிருந்ததால், எல்லையைக் காட்டுவதற்கு ஒரு மின்னும் விளக்கு உண்டு. அன்று அது எரியவில்லை. கேப்டனோ அந்த விளக்கு எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தார். வேகம் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் சொன்னது அவர் மனத்தில் ஏறவில்லை. விமானம் சாய்ந்து, ஓடுபாதைக்கு முன்பே விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த மூவரும் பலத்த காயங்களோடு உயிர் தப்பியதால்தான், அந்தக் கணத்தில் தான் மந்தமாகவும் எதிலும் பட்டுக்கொள்ளாதவராகவும் இருந்ததாக அவர் பின்னர் விசாரணையில் சொல்ல முடிந்தது. அப்போது அவர் தொடர்ந்து விழித்திருந்த நேரம் 23 மணி 30 நிமிடம். பணியாளர்களின் களைப்பை விபத்துக்கான காரணமாகவே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்த முதல் பெரிய விமான விபத்து அதுதான். சனிக்கிழமை காலை 6.30 மணிக்கு நீங்கள் என்ஜினை நிறுத்திவிட்டுப் படியிறங்கியபோது, உங்கள் விழிப்பும் சரியாக அதே 23 மணி 30 நிமிடம்தான். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கண்ணயர்ந்த சில வினாடிகளை மட்டுமே நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்குக் கவலை, நீங்கள் கண் திறந்திருந்த மற்ற நேரத்தைப் பற்றி. மைக்ரோஸ்லீப் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சில வினாடித் தூக்கத்தைக் கேப்டன் ஒரு குரலில் கலைத்துவிட்டார். கண் திறந்தபடியே ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருந்தால், ஒரே விஷயத்தில் மனம் குத்திட்டு நின்றிருந்தால், அதை யார் கவனித்திருப்பார்கள்?

ஆகையால் 'எனக்கு எப்படி இருக்கிறது' என்று உங்களையே கேட்டு முடிவெடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பணிக்கும் முன்பு மூன்று எண்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். பணி தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் குறைந்தது ஐந்து மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். முந்தைய 48 மணி நேரத்தில் 12 மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். கடைசியாகக் கண் விழித்ததிலிருந்து பணி முடியும் வரையான நேரம், அந்த 48 மணி நேரத்தில் தூங்கிய மொத்த நேரத்தைத் தாண்டக்கூடாது. களைப்பு மேலாண்மையில் நெடுநாளாகப் பயன்படுத்தப்படும் எளிய அளவுகோல் இது. உங்கள் வெள்ளிக்கிழமையை இதில் வைத்துப் பார்ப்போம். முதல் எண் ஆறு, தேறிவிட்டீர்கள். இரண்டாவது எண், புதன் இரவின் ஐந்தும் வியாழன் இரவின் ஆறுமாகப் பதினொன்று. ஒரு மணி நேரம் குறைகிறது. மூன்றாவது எண்ணில், தூங்கியது 11 மணி நேரம், பணி முடியும்போது விழித்திருக்கப் போவது 23 மணி 30 நிமிடம். இந்த மூன்றாவது எண்ணில் தேறாதவர்கள் இரவுப் பணியில் நிறையப் பேர் உண்டு. ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டுவது வேறு விஷயம். வெள்ளி மாலை எட்டு மணிக்கே, வீட்டிலிருந்தபடியே, நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். அப்போது உங்கள் மூளை இன்னும் நம்பத்தக்க நிலையில்தான் இருந்தது.

கணக்குத் தேறவில்லை என்றால் செய்யவேண்டியது, பணி ஒதுக்கீட்டுப் பிரிவை அழைத்து, 'கடந்த 48 மணி நேரத்தில் என் தூக்கம் 11 மணி நேரம். பணி முடியும்போது 23 மணி நேரத்துக்கு மேல் விழித்திருப்பேன். இந்த நிலையில் நான் பறப்பதற்குத் தகுதியாக இல்லை' என்று சொல்வது. இது சலுகை கேட்பது அல்ல. களைத்த நிலையில் பணியேற்கக் கூடாது என்பது ஐரோப்பிய, அமெரிக்க விதிகளில் விமானியின் மீதே சுமத்தப்பட்டிருக்கும் கடமை. பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் நெறிமுறைகளும் களைப்புக்கான பொறுப்பை நிறுவனத்துக்கும் பணியாளருக்கும் பகிர்ந்தே வைக்கின்றன. ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: காய்ச்சல், வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்பு எடுக்காதீர்கள். அது எளிது என்பதும், பலர் அதைத்தான் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சொன்ன காய்ச்சல் உங்கள் மருத்துவக் கோப்பில் போய்ச் சேரும்; மூன்று அதிகாலைகளையும் ஓர் இரவையும் ஒட்டவைத்த அந்த ரோஸ்டரோ குற்றமற்றதாகவே அடுத்த மாதமும் அச்சாகும்.

இனி, சனிக்கிழமை நடந்ததை எழுத்தில் தெரிவிப்பது பற்றி. தெரிவியுங்கள். ஆபத்தே வராது என்று உறுதி கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. எழுதியவரை அழைத்து, 'உனக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினையா?' என்று கேட்ட நிறுவனத்தையும் நான் பார்த்திருக்கிறேன், எழுதிய மூன்றே வாரத்தில் அந்தப் பணித்தொடரை மாற்றியமைத்த நிறுவனத்தையும் பார்த்திருக்கிறேன். எழுதும் விதம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்பது என் அனுபவம். புலம்பலுக்கும் பதில் வராது, பாவமன்னிப்புக்கும் பதில் வராது. எண்களுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்: 'வெள்ளி 21.45 ரிப்போர்ட்டிங், இரண்டு பயணங்கள். சனி 05.20 மணிக்கு இறங்கும் கட்டத்தில், செக்லிஸ்ட் அழைப்புக்கு முதல் முறை நான் பதிலளிக்கவில்லை. சில வினாடிகள் தன்னறியாத் தூக்கம். கேப்டனின் இரண்டாவது அழைப்பில் மீண்டேன். அப்போது தொடர் விழிப்பு 22 மணி 20 நிமிடம். முந்தைய ஐந்து இரவுகளின் தூக்கம்: 4.5, 4, 3.5, 5, 6 மணி நேரம். முதல் மூன்றும் அடுத்தடுத்து முன்னேறிய அதிகாலைப் பணிகளுக்கு முந்தைய இரவுகள். வெள்ளி 18.00 முதல் 20.00 வரை தூங்க முயன்றும் முடியவில்லை.' இவ்வளவு போதும். 'மன்னிக்கவும்' என்ற சொல் வேண்டாம். ரோஸ்டர் போட்டவரைத் திட்டுவதும் வேண்டாம். நிறுவனத்துக்கு நேரடியாக எழுதத் தயக்கம் இருந்தால், பெயரை வெளியிடாமல் பாதுகாப்பு அறிக்கைகளைப் பெறும் ஏற்பாடு பல நாடுகளில் தனியாக இருக்கிறது. உங்கள் விமானிகள் சங்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

குறட்டையைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் கடந்துபோக மாட்டேன். 2008 பிப்ரவரியில் ஹவாயில் ஒரு சிறு பயணிகள் விமானத்தின் இரு விமானிகளும் பட்டப்பகலில் தூங்கிப்போய், இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிக் கடலுக்கு மேல் பறந்துபோனார்கள். பிறகு விழித்துத் திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார்கள். அந்தக் கேப்டனுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா இருந்தது அதன் பிறகுதான் கண்டறியப்பட்டது. குறட்டையோடு, இடையிடையே மூச்சு நின்று திணறி மீண்டும் தொடங்குகிறதா, காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா, எட்டு மணி நேரம் தூங்கிய நாளிலும் புத்துணர்ச்சி இல்லையா என்று மனைவியிடமும் உங்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஒன்றுக்காவது ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இது வந்தால் உரிமம் போய்விடும் என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியை ஒழுங்காகப் பயன்படுத்தி, அது பலனளிப்பதைக் காட்டி, மீண்டும் பறப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

தூக்க மாத்திரையை உங்கள் உடற்தகுதியைச் சோதிக்கும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். சளிக்காக எடுக்கும் சில மாத்திரைகளின் மயக்கமும் மறுநாள் வரை நீடிக்கும். மது தூக்கத்தைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்து, பின்னிரவில் அதைக் கெடுத்துவிடும்.

அடுத்த முறை இதே போன்ற வெள்ளிக்கிழமை வந்தால் நாளை வேறு விதமாக அமையுங்கள். முந்தைய இரவு வேண்டுமென்றே நள்ளிரவு தாண்டிப் படுத்து, காலை 9 மணி வரை எழாமல் இருங்கள். அதற்கு அந்த ஓர் இரவு நீங்கள் வேறு அறையில் படுக்கவேண்டும், குழந்தையை மனைவியோ வேறு பெரியவரோ பார்த்துக்கொள்ள வேண்டும். அதை ரோஸ்டர் வந்த அன்றே பேசி வைத்துவிடுங்கள், இரவு பத்து மணிக்குப் பேசினால் சண்டையில்தான் முடியும். 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் பறந்த விமானத்தில் இரு விமானிகளும் ஒரே நேரத்தில் 28 நிமிடம் தூங்கிப்போனார்கள்; கேப்டன் ஓய்வில் இருக்க, விமானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த துணை விமானியும் தன்னையறியாமல் கண்ணயர்ந்துவிட்டார். அவர் வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள் இருந்தன, மனைவியோடு சேர்ந்து அவரும் இரவில் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரணை அறிக்கை குறிப்பிடுகிறது. நல்ல தகப்பன் செய்கிற வேலைதான். ஆனால் எந்த ரோஸ்டர் மென்பொருளுக்கும் குழந்தை அழும் சத்தம் கேட்பதில்லை. அதை நீங்கள்தான் உங்கள் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பகல் தூக்கத்தை மாலை 6 மணிக்கு வைக்காமல் பிற்பகல் 2 மணிக்கு வையுங்கள். பிற்பகலில் உடலின் விழிப்பு இயல்பாகவே சற்றுத் தளரும். அந்தத் தளர்ச்சியில் ஒன்றரை மணி நேரம் கிடைத்துவிட்டால், சனி காலையின் 22 மணி நேர விழிப்பு 14 மணி நேரமாகக் குறைந்துவிடும். காபி விஷயத்தில் ஐந்து கோப்பை அதிகம். அதைவிட, நீங்கள் அவற்றைக் குடித்த நேரம்தான் பெரிய தவறு: பிறகு அனுப்பிய விவரப்படி, மாலையிலேயே மூன்று குடித்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூங்க முயலும் நேரத்துக்கு முன் ஒன்றும் வேண்டாம். பணி தொடங்கிய பின் ஒன்று, இறங்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒன்று. இரண்டாவது கோப்பை காலைத் தூக்கத்தைச் சற்றுக் கெடுக்கும்தான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பணி முடிந்து வீடு திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். கறுப்புக் கண்ணாடி அணிந்து, வெளிச்சம் கண்ணில் படாமல் நேராகப் படுக்கைக்குப் போங்கள்.

மூன்று அதிகாலைகளுக்கு இவ்வளவு நல்ல தீர்வு என்னிடம் இல்லை. மாலை 7 மணிக்குப் பின் விளக்குகளையும் கைபேசியையும் குறைப்பது சிறிது உதவும். பணி முடிந்து வந்து பிற்பகல் 3 மணிக்குள் அரை மணி நேரம் தூங்குவது அதைவிட உதவும். ஆனாலும் 5.10, 4.40, 4.15 என்ற வரிசையை எந்தப் பழக்கத்தாலும் வெல்ல முடியாது; அதை மாற்றவேண்டிய இடம் உங்கள் படுக்கையறை அல்ல, ரோஸ்டர் போடும் மேசை. உங்கள் அறிக்கை அங்கே போய்ச்சேர வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமானத்தில் ஏறிய பிறகு களைப்புத் தெரிந்தால், உங்கள் நிறுவனத்தின் கையேடு காக்பிட் இருக்கையிலேயே முறைப்படி ஓய்வெடுக்க அனுமதிக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளில் அனுமதி உண்டு, அமெரிக்காவில் இல்லை. இத்தனைக்கும் அதற்கு அடிப்படையான ஆய்வைச் செய்தது அமெரிக்காவின் நாசாதான். மூன்று விமானிகள் இருந்த நெடுந்தூரப் பயணங்களில் ஒவ்வொருவருக்கும் 40 நிமிட வாய்ப்புக் கொடுத்தபோது, சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வெடுத்த குழுவில் இறங்கும் கட்டத்தில் மைக்ரோஸ்லீப் போன்ற நிகழ்வு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஓய்வெடுக்காத குழுவில் 22 பதிவாயின. உங்களுக்கு நேர்ந்தது புதிதும் அல்ல, அரிதும் அல்ல என்பதை இந்த எண்ணிலிருந்தே அறியலாம். ஆனால் அந்த ஓய்வுக்கு ஒழுங்கு உண்டு: பயண உயரத்தில், வேலை குறைந்த நேரத்தில், மற்றவர் முழு விழிப்பில் இருக்கிறார் என்று வாய்விட்டு உறுதி செய்துகொண்டு, நேரம் குறித்து, இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது எழுந்துவிட வேண்டும். எழுந்தவுடன் மூளை தெளிவதில்லை. 2010 மே 22 அன்று 158 பேர் மாண்ட மங்களூர் விபத்தில், கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியதும், விழித்த பின் நீடித்த மந்தம் அவருடைய தீர்ப்பைப் பாதித்திருக்கலாம் என்பதும் விசாரணையில் பேசப்பட்டன. மேலே எழும்பிவிடுவோம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் அவர் இறங்குவதைக் கைவிடவில்லை.

கேப்டனிடம் பேசவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பேசுங்கள், அறிக்கையை அனுப்புவதற்கு முன்பே பேசிவிடுவது மரியாதை. அவர் உங்களை இரண்டு முறை அழைத்தவர், எனவே நீங்கள் சொல்லப்போவது அவருக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அன்று காலை அவர் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதை யோசித்தீர்களா? அவரும் அதே இரவில், அதே இரண்டு பயணங்களைப் பறந்தவர். உங்களுடைய மூன்று எண்களை அவரிடம் காட்டிவிட்டு, அவருடைய கடந்த 48 மணி நேரக் கணக்கையும் கேட்டுப் பாருங்கள்.